கையிருந்தும் தொழில் செய்ய முடியாமல் போனால்? இயலாமைக் காப்புறுதியை வாசிக்கும் முறை

நமது கடைகளில் எதற்கெல்லாம் காப்புறுதி இருக்கிறது என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். லொறிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கும். வங்கியில் கடன் எடுத்திருந்தால் கட்டடத்துக்கும் சரக்குக்கும் தீக் காப்புறுதி இருக்கும். அதுவும் வங்கி கேட்டதால் எடுத்தது. வீட்டு அலுமாரியில் ஓர் ஆயுள் பொலிசி கிடக்கலாம். சொந்தக்காரப் பிள்ளை ஒருவர் ஏஜன்டாகச் சேர்ந்தபோது முகத்துக்காக எடுத்தது. இவையெல்லாம் எரிந்தால், மோதினால், மௌத்தானால் காசு தருபவை. நாமும் உயிரோடு இருந்து, கடையும் எரியாமல் இருந்து, நம்மால் மட்டும் வேலை செய்ய முடியாமல் போனால் காசு தருவது எது? பத்துக் கடையில் கேட்டால் ஒன்பது கடையில் பதில் கிடைக்காது.

இந்தக் கேள்வி இப்போது நம் வீடுகளுக்குள் வேறு வழியாகவும் வந்திருக்கிறது. நாம் மூட்டை தூக்கிப் படிக்கவைத்த பிள்ளைகள் டொக்டராகவும் என்ஜினியராகவும் கணக்காளராகவும் வந்துவிட்டார்கள். அவர்களுடைய சம்பாத்தியத்தை நம்பி வீட்டுக் கடன், வாகன லீசிங், தங்கையின் கலியாணம் எல்லாம் ஓடுகின்றன. அப்படி ஒரு பிள்ளைதான் என் தங்கையின் மகன். பல் வைத்தியர். சென்ற பெருநாளைக்குப் பிறகு எல்கடுவைக்கு வந்தவர் மூன்று காப்புறுதிக் கம்பனிகளின் தாள்களைக் கொண்டுவந்து கடை மேசையில் வைத்தார்.

"மாமா, மூன்றிலும் நிரந்தர முழு இயலாமைக்கு ஒரே தொகைதான் போட்டிருக்கு. கட்டுப்பணத்தில மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?"

நல்ல கேள்வி. மூன்று தாளையும் வாசித்து முடிக்க இரண்டு இரவு ஆனது. வித்தியாசம் தொகையில் இல்லை. "இயலாமை" என்ற ஒரே சொல்லுக்கு ஒவ்வொருவரும் கொடுத்திருந்த விளக்கத்தில் இருந்தது. அந்த விளக்கம் தாளின் முன்பக்கத்தில் இருக்காது. பின்னால், சிறிய எழுத்தில், "வரைவிலக்கணங்கள்" என்ற தலைப்பின் கீழ் இருக்கும். அந்த இடத்தை வாசிக்கக் கற்றுக்கொள்வதே இன்றைய பாடம்.

உலகெங்கும் காப்புறுதிக் கம்பனிகள் இயலாமையை அளக்க மூன்று விதமான கோல்களை வைத்திருக்கின்றன. முதலாவது கோல் "எந்தத் தொழிலும்" என்பது. அதாவது, காப்புறுதி எடுத்தவர் சம்பளமோ இலாபமோ தரக்கூடிய எந்த வேலையையும் இனிச் செய்ய முடியாது என்ற நிலைக்கு வந்தால்தான் காசு. இரண்டாவது கோல், அவருடைய படிப்புக்கும் அனுபவத்துக்கும் "பொருத்தமான தொழில்" எதையும் செய்ய முடியாவிட்டால் காசு. மூன்றாவது கோல் "சொந்தத் தொழில்". நோயோ விபத்தோ வருவதற்கு முன்னர் அவர் எந்தத் தொழிலைச் செய்து உழைத்தாரோ, அந்தத் தொழிலின் முக்கியமான வேலைகளைச் செய்ய முடியாமல் போனாலே காசு.

மருமகனை வைத்தே இதைப் பார்ப்போம். பல் வைத்தியர் ஒருவருக்குக் கழுத்து எலும்பில் தேய்வு வந்து வலது கைவிரல்கள் மரத்துப்போகின்றன என்று வையுங்கள். ஆள் நடப்பார், பேசுவார், கார் ஓட்டுவார், நம் கல்லாவில் உட்கார்ந்து மிச்சக் காசும் கொடுப்பார். ஆனால் மெல்லிய கருவியைப் பிடித்து ஒருவருடைய வாய்க்குள் வேலை செய்ய முடியாது. முதலாவது கோலின்படி அவருக்கு ஒரு சதமும் கிடையாது. ஏனென்றால் கல்லாவில் உட்காரலாமே! இரண்டாவது கோலின்படி வழக்கு இழுபடும். பல் வைத்தியம் படித்தவர் விரிவுரையாளராகப் போகலாம், மருந்துக் கம்பனியில் வேலை பார்க்கலாம் என்று கம்பனி சொல்லும். மூன்றாவது கோல்தான் அவருக்கு நேரடியாகக் காசு தரும். கட்டுப்பணம் ஏன் வித்தியாசப்படுகிறது என்ற கேள்விக்குப் பதில் இதுதான். முதலாவது விதத்தில் கம்பனி காசு கொடுக்கும் சந்தர்ப்பம் மிகக் குறைவு. ஆகவே விலையும் குறைவு.

நம் மலைநாட்டில் இதற்கு இன்னும் பொருத்தமான உதாரணம் இருக்கிறது. கொழும்பில் 1883ஆம் ஆண்டு முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. எல்கடுவையிலும் ஹுன்னஸ்கிரியப் பக்கத்திலும் பறிக்கப்படும் கொழுந்தின் விலையும் கடைசியில், வாயில் ஒரு மிடறு உறிஞ்சித் துப்பிவிட்டுத் தரம் சொல்லும் சுவைஞரின் நாக்கிலும் மூக்கிலும்தான் தங்கியிருக்கிறது. கொவிட் காலத்தில் எத்தனை பேருக்கு மணமும் ருசியும் போய் மாதக்கணக்கில் திரும்பாமல் இருந்தது என்பதை நாம் கண்டோம். நமக்கு அது சோற்றின் ருசி தெரியாத சங்கடம். சுவைஞருக்கோ தொழிலே போனது மாதிரி. ஆள் முழு ஆரோக்கியம். எந்த வைத்தியரும் அவரை அங்கவீனர் என்று எழுதித்தர மாட்டார். வெளிநாட்டில் இந்த ஆபத்தை நன்றாகவே விளங்கி வைத்திருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கொஸ்டா கோப்பிக் கம்பனி தன் கோப்பிச் சுவைஞர் ஒருவரின் நாக்கை லண்டன் லொயிட்ஸ் சந்தையில் ஒரு கோடி பவுணுக்குக் காப்புறுதி செய்தது. பத்திரிகைக்காரர்கள் அதை வேடிக்கைச் செய்தியாகப் போட்டார்கள். வியாபாரக் கண்ணால் பார்த்தால் அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை.

இப்போது நம் பக்கம் வருவோம். மாத்தளையிலிருந்து மேலே ஏறும் பாதையில் கடை வைத்திருக்கும் நம்மில் பலருக்கு மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்பதும் தொழில். தோட்டத்துக்காரர் கொண்டுவரும் மிளகை உள்ளங்கையில் அள்ளி, தேய்த்து, ஈரம் எவ்வளவு, சாவி எவ்வளவு என்று பார்த்து விலை சொல்வது ஒரு வேலை. மூட்டையைத் தூக்கித் தராசில் போடுவது ஒரு வேலை. வளைவுப் பாதையில் லொறியை இறக்கி மாத்தளைக்கோ வத்தேகமவுக்கோ கொண்டுபோவது ஒரு வேலை. கடனை அறவிடுவது இன்னொரு வேலை. அதுதான் பெரிய வேலை. இத்தனையும் செய்கிற மனிதரிடம் காப்புறுதிப் படிவம் "தொழில் என்ன?" என்று கேட்டால் அவர் எழுதுவது ஒரே சொல்: "வியாபாரம்". சிலர் பெருமையாக "கம்பனி உரிமையாளர்" என்றும் எழுதிவிடுகிறார்கள்.

இந்த ஒரு சொல்லில்தான் கிளெயிம் நிற்பதும் விழுவதும். நாளைக்கு முதுகுத் தட்டு விலகி மூட்டை தூக்கவோ லொறி ஓட்டவோ முடியாமல் போனால், கம்பனி படிவத்தை எடுத்துப் பார்க்கும். "உரிமையாளர் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? உரிமையாளருடைய வேலை மேற்பார்வை. நாற்காலியில் இருந்து மேற்பார்வை செய்ய முடியும்தானே?" என்று கேட்கும். கேட்பது அநியாயம் என்று சொல்லவும் முடியாது. நாம் எழுதிக் கொடுத்ததைத்தான் அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள்.

ஆகவே சொந்தத் தொழில் என்ற வரைவிலக்கணம் உள்ள காப்புறுதியை எடுப்பவர், தன் தொழில் என்னவென்று விபரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு சாதாரண வாரத்தில் எத்தனை மணித்தியாலம் சரக்குத் தரம் பார்க்கிறேன், எத்தனை மணித்தியாலம் பாரம் தூக்குகிறேன், எத்தனை மணித்தியாலம் வாகனம் ஓட்டுகிறேன், எத்தனை மணித்தியாலம் மேசையில் கணக்குப் பார்க்கிறேன் என்று ஒரு தாளில் எழுதி, படிவத்தோடு இணைத்து, பிரதியில் முகவரிடம் திகதியும் கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டொக்டர்மாரும் அப்படித்தான். "வைத்தியர்" என்று எழுதுவதற்கும் "சத்திரசிகிச்சை நிபுணர், வாரத்தில் இத்தனை நாள் சத்திரசிகிச்சைக் கூடத்தில்" என்று எழுதுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. கை நடுங்கும் சத்திரசிகிச்சை நிபுணர் வெளிநோயாளர் பிரிவில் இருந்து மருந்து எழுதலாம் அல்லவா? விபரமாக எழுதினால் கட்டுப்பணம் கொஞ்சம் கூடவும் இடமுண்டு, பாரம் தூக்கும் தொழில் ஆபத்து அதிகமானது என்பதால். அது கொடுக்க வேண்டிய விலைதான்.

"சொந்தத் தொழில்" என்று தலைப்பில் போட்டிருந்தாலும் உள்ளே பார்க்கவேண்டிய இரண்டு நுணுக்கங்கள் உண்டு. முதலாவது, காலம். சில பொலிசிகளில் முதல் 24 மாதங்களுக்கு மட்டும் சொந்தத் தொழில் என்ற கோல். அதற்குப் பிறகு சத்தமில்லாமல் "எந்தத் தொழிலும்" என்ற கோலுக்கு மாறிவிடும். இரண்டு வருடம் மாதாமாதம் வந்த காசு இருபத்தைந்தாம் மாதம் நின்றுபோகும்போதுதான் வீட்டாருக்கு விடயம் விளங்கும். இரண்டாவது, வேறு வேலை செய்தால் என்ன நடக்கும் என்பது. பல் வைத்தியம் செய்ய முடியாதவர் கல்லூரியில் படிப்பிக்கப் போனால் காப்புறுதிக் காசு முழுதாகத் தொடருமா, குறையுமா, நிற்குமா? மூன்று விதமாகவும் பொலிசிகள் இருக்கின்றன. முழுதாகத் தொடரும் விதம்தான் கலப்பில்லாத சொந்தத் தொழில் காப்புறுதி. மற்றவை அரைவாசி, கால்வாசி.

இவ்வளவு நல்ல சாமான் என்றால் ஏன் எல்லாக் கம்பனியும் விற்பதில்லை என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1980களில் அமெரிக்காவில் கம்பனிகள் போட்டிபோட்டு இந்தவகைப் பொலிசிகளை வைத்தியர்களுக்கு விற்றன. கட்டுப்பணத்தைக் கூட்ட மாட்டோம், ரத்துச் செய்ய மாட்டோம் என்றெல்லாம் வாக்குக் கொடுத்தன. 1990களின் தொடக்கத்தில் அங்கே வைத்தியர்களின் வருமானம் நெருக்கப்பட்டது. இயலாமைக் கிளெயிம்களும் கூடின. கம்பனிகள் பெரும் நட்டம் கண்டு ஒன்றோடொன்று இணைந்தன. அப்படி இணைந்து உருவான யூனம்ப்ரொவிடன்ட் என்ற பெரிய கம்பனி, கிளெயிம்களை முறையில்லாமல் நிராகரிக்கிறது என்ற குற்றச்சாட்டுக்கு ஆளானது. 2004ஆம் ஆண்டு அமெரிக்க மாநிலங்களின் காப்புறுதி அதிகாரிகளோடு அது செய்துகொண்ட இணக்கத்தில் ஒரு கோடியே 50 இலட்சம் டொலர் தண்டம் கட்டியது. நிராகரித்த 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கிளெயிம்களை மறுபடி பார்ப்பதாகவும் ஒத்துக்கொண்டது. தாராளமாக வாக்குக் கொடுக்கும் வியாபாரி பிறகு தராசில் கைவைப்பான் என்பது நம் சந்தையிலும் காணாததா?

அவுஸ்திரேலியாவிலும் இதே கதை. அங்கே இந்தத் துறையில் கம்பனிகள் வருடக்கணக்கில் நட்டப்பட்டதால், நிதித்துறையைக் கண்காணிக்கும் அதிகார சபை 2021 ஒக்டோபர் முதல் புதிய பொலிசிகளுக்குக் கடிவாளம் போட்டது. முதல் ஆறு மாதத்துக்கு வருமானத்தில் கூடியது 90 வீதம், அதன்பிறகு 70 வீதம் என்ற எல்லை வந்தது. மெல்பர்னிலும் சிட்னியிலும் பிள்ளைகள் இருக்கும் வாசகர்கள் இதைக் கவனிக்கவும். அதற்கு முன்னர் எடுத்த பழைய பொலிசி பிள்ளையிடம் இருந்தால், விலை கூடிவிட்டது என்று அவசரப்பட்டு அதை விட்டுவிட வேண்டாம். திரும்ப அதே நிபந்தனையில் வாங்க முடியாது.

இலங்கையில் நம் கைக்கு வரும் தாள்களில் பெரும்பாலும் இயலாமை என்பது ஆயுள் காப்புறுதியோடு ஒட்டிக் கொடுக்கும் மேலதிகக் காப்பு. ரைடர் என்பார்கள். நிரந்தர முழு இயலாமைக்கு ஒரே தடவையில் ஒரு தொகை. அத்தோடு இனிக் கட்டுப்பணம் கட்டத் தேவையில்லை என்ற சலுகை. மருமகன் கொண்டுவந்த மூன்றில் இரண்டு இந்த விதம். அதிலும் ஒன்றில் "விபத்தினால்" என்ற சொல் நடுவில் இருந்தது. அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுக் கொடுத்தேன். நம் ஊர்களில் மனிதர்கள் வேலை செய்ய முடியாமல் போவது எதனால் என்று நினைத்துப் பாருங்கள். சீனி கூடிக் கால் எடுத்தவர், பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர், இருதய வருத்தக்காரர், முதுகு விட்டுப்போனவர், கண் மங்கியவர். விபத்துக்காரர் இந்த வரிசையில் பின்னால்தான் வருவார். விபத்துக்கு மட்டும் உள்ள காப்பு மலிவாக இருப்பதும் அதனால்தான்.

இன்னொன்று, அட்டவணைப் பொலிசி. ஒரு கை போனால் இத்தனை வீதம், ஒரு கண் போனால் இத்தனை வீதம், பெருவிரலுக்கு இவ்வளவு என்று பட்டியல் இருக்கும். அதில் தையற்காரரின் பெருவிரலுக்கும் தரகரின் பெருவிரலுக்கும் ஒரே விலை. கனரக வாகனம் ஓட்டுபவர் ஒரு கண்ணை இழந்தால் பட்டியல்படி பாதித் தொகை கிடைக்கலாம். ஆனால் வைத்தியப் பரிசோதனையில் சித்தியடையாமல் அவருடைய தொழில் முழுதாகவே போய்விடும். பட்டியல் உறுப்பைப் பார்க்கிறது, தொழிலைப் பார்ப்பதில்லை.

சரி, எவ்வளவு தொகைக்கு எடுப்பது? மாத வருமானமாகத் தரும் காப்புறுதிகளில் வழக்கமாக உழைப்பின் 60 முதல் 70 வீதம் வரைதான் கொடுப்பார்கள். முழுதாகக் கொடுத்தால் யாருக்கும் திரும்ப வேலைக்குப் போக மனம் வராது என்பது அவர்கள் கணக்கு. இங்கேதான் நம்மவர்களுக்கு ஒரு கசப்பான விடயம் இருக்கிறது. எந்த உழைப்பின் 65 வீதம்? நாம் வாயால் சொல்லும் உழைப்பா, வருமான வரி பைலில் உள்ள உழைப்பா?

ஒருவர் மாதம் 4 இலட்சம் ரூபா உழைக்கிறார் என்று வையுங்கள். 65 வீதம் என்றால் 2 இலட்சத்து 60 ஆயிரம். பைலில் அவர் காட்டியிருப்பது 1 இலட்சத்து 50 ஆயிரம். கிளெயிம் வரும்போது கம்பனி பார்ப்பது அந்தப் பைலை. கிடைக்கக்கூடியது 97 ஆயிரத்து 500. அதுவரை 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்குக் கட்டுப்பணம் கட்டிவந்தாலும் இதுதான் நிலைமை. எடுக்கும்போதே வருமானத்தை ஒப்புக்கொண்டு தொகையை நிர்ணயிக்கும் பொலிசியும் உலகில் இருந்தது. அவுஸ்திரேலியாவில் 2020 மார்ச்சோடு அதைப் புதிதாக விற்பதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். டொக்டர்மாரின் அரசாங்கச் சம்பளத்துக்குச் சீட்டு இருக்கிறது. மாலை நேரச் சனலிங் வருமானத்துக்கு என்ன இருக்கிறது என்று அவர்கள்தான் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வரி கட்டுவது நட்டம் என்று நினைப்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

அடுத்தது காத்திருக்கும் காலம். வேலை செய்ய முடியாமல் போன நாளிலிருந்து காசு வரத் தொடங்கும் நாள் வரை உள்ள இடைவெளி. 30 நாள், 60 நாள், 90 நாள், 180 நாள் என்று தெரிவு கொடுப்பார்கள். எவ்வளவுக்குக் காத்திருக்க ஒத்துக்கொள்கிறோமோ அவ்வளவுக்குக் கட்டுப்பணம் குறையும். அரசாங்க வேலையில் இருக்கும் டொக்டருக்கு நோய் விடுமுறை உண்டு. அவர் 90 நாளோ 180 நாளோ எடுக்கலாம். கடைக்காரருக்கு விடுமுறை ஏது? ஆனாலும் கடையில் சரக்கு இருக்கிறது, வெளியில் கடன் இருக்கிறது. நீங்கள் படுத்துவிட்டால் உங்கள் மகனோ தம்பியோ எத்தனை மாதம் கடையை ஓட்டுவார் என்று நேர்மையாகக் கணக்குப் போட்டு, அந்த அளவுக்குக் காத்திருக்கும் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாதத்துக்கே காசு வர வேண்டும் என்று விலை கூடியதை எடுப்பதைவிட, மிஞ்சும் காசில் தொகையைக் கூட்டிக்கொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம். ஒரு மாதம் படுத்ததால் கடை மூடிய ஆளை நான் காணவில்லை. மூன்று வருடம் படுத்ததால் கடையும் வீடும் போனவர்களைக் கண்டிருக்கிறேன்.

எத்தனை வயது வரை காசு வரும் என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு வருடம் மட்டும் தருவது, ஐந்து வருடம் தருவது, 60 வயது வரை தருவது என்று பல விதம். முப்பது வயது டொக்டருக்கு இரண்டு வருடக் காப்பு எதற்கு?

ரூபாவின் மதிப்பை மறந்துவிடக் கூடாது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி விலைவாசி ஒரு வருடத்தில் 69.8 வீதம் ஏறியிருந்தது. 2015இல் "மாதம் 50 ஆயிரம்" என்று எடுத்த காப்பு 2022இல் எத்தனை நாள் சாப்பாட்டுக்குக் காணும்? தொகை வருடாவருடம் ஏறும் பொலிசி கிடைத்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நீங்களே தொகையை மீளப் பாருங்கள். மருமகனுக்கு நான் சொன்னதும் இதுதான்: ஒரே பெரிய பொலிசிக்குப் பதில், வருமானம் கூடக் கூட மேலதிகமாகச் சேர்க்க இடம் தருவதாகப் பார்.

படிவம் நிரப்புவது பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் கடைகளில் நடப்பது என்ன? ஏஜன்ட் வருகிறார். தேத்தண்ணி குடிக்கிறார். "ஹாஜியார், நீங்க ஒப்பம் மட்டும் வைங்க, மற்றதை நான் பார்த்துக்கொள்றேன்" என்கிறார். சீனி இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, முதுகுவலிக்கு மருந்து எடுத்தீர்களா என்ற கேள்விகளுக்கெல்லாம் "இல்லை" என்று அவரே கோடு போடுகிறார். காப்புறுதி முழுக்க முழுக்க நம்பிக்கையின் பேரில் செய்யும் ஒப்பந்தம். தெரிந்த நோயை மறைத்தால் கிளெயிமை நிராகரிக்கச் சட்டம் கம்பனிக்கு இடம் கொடுக்கிறது. ஆறு வருடம் ஒழுங்காகக் கட்டுப்பணம் கட்டிய ஒரு தளபாட வியாபாரியை எனக்குத் தெரியும். பாரிசவாதம் வந்தபோது கம்பனி அவருடைய பழைய கிளினிக் கொப்பியைக் கேட்டது. அதில் பொலிசிக்கு முந்திய வருடத்திலேயே பிரஷருக்குக் குளிசை எழுதப்பட்டிருந்தது. படிவத்தில் "இல்லை". ஒப்பம் அவருடையது. ஏஜன்ட் அதற்குள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். சீனி இருக்கிறது என்று எழுதினால் கட்டுப்பணம் கூடும், அல்லது சீனியால் வருவதற்குக் காசு இல்லை என்று ஒரு வரி சேர்ப்பார்கள், அல்லது தர முடியாது என்பார்கள். எதுவானாலும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

தகாஃபுல் பற்றிக் கேட்காமல் நம்மவர்கள் இந்த விடயத்தை முடிக்க மாட்டார்கள். 1979இல் சூடானில் முதலாவது இஸ்லாமியக் காப்புறுதிக் கம்பனி தொடங்கியது. மலேசியா 1984இல் அதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் எக்கடமி, வழக்கமான வணிகக் காப்புறுதி கூடாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு அடிப்படையிலான காப்புறுதி ஆகும் என்றும் தீர்மானித்தது. இலங்கையில் 1999இல் அமானா தகாஃபுல் தொடங்கப்பட்டது. இதில் மேலும் விளக்கம் வேண்டியவர்கள் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வியாபாரி என்ற வகையில் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். காசு எந்த முறையில் சேர்க்கப்படுகிறது, எங்கே முதலிடப்படுகிறது என்ற கேள்விக்குத் தகாஃபுல் என்ற பெயர் பதில் சொல்லும். இயலாமை என்றால் என்ன என்ற கேள்விக்கு அந்தப் பெயர் பதில் சொல்லாது. அங்கேயும் வரைவிலக்கணப் பக்கத்தைப் புரட்டத்தான் வேண்டும். அங்கேயும் "எந்தத் தொழிலும்" என்று இருக்கலாம்.

கல்ஃபில் இருக்கும் என்ஜினியர் பிள்ளைகள் "எங்களுக்குக் கம்பனியே இன்சூரன்ஸ் போட்டிருக்கு" என்பார்கள். அது கூட்டுக் காப்புறுதி. வேலையும் விசாவும் முடியும் நாளில் அதுவும் முடியும். ஊருக்கு வந்து நாற்பத்தைந்து வயதில், சீனியும் சேர்ந்த பிறகு, சொந்தமாக ஒன்று எடுக்கப் போனால் விலையைக் கேட்டுத் திகைக்க வேண்டிவரும். ஆரோக்கியமாக இருக்கும்போதே சிறியதாகவேனும் தன் பெயரில் ஒன்று இருப்பது நல்லது.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு விடயம் மனதில் உறுத்துகிறது. என் கடையில் கொப்பிக்குச் சாமான் எடுக்கும் தோட்டத் தொழிலாளிக்கு ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது, ஊழியர் நம்பிக்கை நிதி இருக்கிறது. நிரந்தரமாக இயலாமல் போனால் சேமலாப நிதியை அவர் வயது வரும் முன்னரே எடுக்கலாம். வேலை செய்யும்போது காயம்பட்டால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2022இல் அதைத் திருத்தி உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாவாக்கினார்கள். இவை பெரிய காசு இல்லைதான். ஆனால் அவருக்குக் கடன் கொடுக்கும் முதலாளியாகிய நமக்கு அதுவும் இல்லை. சுயதொழில் செய்பவர்களுக்கென்று இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபையில் ஓர் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. இயலாமைக்கான கொடுப்பனவும் அதில் உண்டு. தனியார் பொலிசிக்கு வசதியில்லாத சிறிய கடைக்காரர்கள் பிரதேச செயலகத்தில் விசாரித்துப் பார்க்கலாம். நம் கடையில் மூட்டை தூக்கும் பிள்ளைக்குக் காயம் வந்தால் மேற்சொன்ன கட்டளைச் சட்டப்படி நட்டஈடு கொடுக்கவேண்டியவர் கடை முதலாளிதான் என்பதையும் இந்த இடத்தில் ஞாபகப்படுத்த வேண்டும். அதற்கும் தனியாகக் காப்புறுதி கிடைக்கிறது, விலை அதிகமில்லை.

கிளெயிமில் தகராறு வந்தால் முதலில் கம்பனிக்கே எழுத்தில் முறையிட வேண்டும். தீராவிட்டால் 2005 முதல் இயங்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். 2001இல் தொடங்கிய காப்புறுதிச் சபைதான் இன்றைய இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. கம்பனிகளுக்கு மேலே இருந்து பார்ப்பது அதுதான். எங்கே போனாலும் முதலில் கேட்பது எழுத்துத்தான். முகவர் வாயால் சொன்னது அங்கே செல்லாது.

அதனால் மருமகனிடம், மூன்று கம்பனிக்கும் ஒரே கடிதத்தை எழுதச் சொன்னேன். "நான் பல் வைத்தியர். வலது கைவிரல்கள் மரத்துப்போய்ப் பல் வைத்தியம் செய்ய முடியாத நிலை வந்து, ஆனால் கணக்கு எழுதும் வேலையைச் செய்ய முடியுமாக இருந்தால், உங்கள் பொலிசியின்படி எனக்குக் காசு கிடைக்குமா? எவ்வளவு, எந்த வயது வரை? நான் கல்லூரியில் படிப்பிக்கப் போனால் அது குறையுமா?" இவ்வளவுதான் கடிதம். இரண்டு வாரத்தில் ஒரு கம்பனியிலிருந்து "கிடைக்காது" என்று நேர்மையான பதில் வந்தது. இன்னொன்று தொலைபேசியில் "பிரச்சினை இல்லை டொக்டர்" என்றது. எழுத்தில் தாருங்கள் என்றதும் மௌனமாகிவிட்டது. மூன்றாவது கம்பனி, ஐந்து வருடத்துக்குச் சொந்தத் தொழில் என்ற கோலை வைத்து, தலைமை அலுவலகக் கடிதத் தாளில் ஒப்பமிட்டு அனுப்பியது. கட்டுப்பணம் மற்ற இரண்டையும்விட ஏறக்குறைய இரு மடங்கு. காத்திருக்கும் காலத்தை 30 நாளிலிருந்து 90 நாளாக்கினால் எவ்வளவு குறையும் என்று கேட்டு இப்போது இரண்டாவது கடிதம் போயிருக்கிறது.